காலேஜ் ஃபுட்பால் அட்டவணை: போய்வந்து ஆடுவதா, காசு கொடுத்து அழைப்பதா, பொது மைதானமா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பெரிய அணி ஒன்றுக்கு ரெகுலர் சீசனில் 12 மேட்ச். 2006-லிருந்து இதுதான் அளவு. பிக் டென் கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் ஆடும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) 2016 முதல் இதில் 9 மேட்சை கான்ஃபரன்ஸ் அலுவலகமே போட்டுக் கொடுத்துவிடுகிறது. எட்டிலேயே நின்றுகொண்டிருந்த எஸ்இசி கான்ஃபரன்ஸும் 2026-லிருந்து ஒன்பதுக்கு வந்துவிட்டது. மிச்சம் மூன்று மேட்ச். யாரை அழைப்பது, யார் ஊருக்குப் போவது என்று பல்கலைக்கழகத்தின் அத்லெட்டிக் டைரக்டர் தன் இஷ்டப்படி முடிவெடுக்க முடிவது இந்த மூன்றில்தான்.

அதற்கு வழிகளும் மூன்று. "இந்த வருஷம் நீ வா, இன்னொரு வருஷம் நான் வருகிறேன்" என்று சமபலமுள்ள அணியோடு பேசிக்கொள்வது ஹோம் அண்ட் ஹோம். சின்ன அணிக்கு ஒரு தொகை கொடுத்து வரவழைத்து, பதிலுக்குப் போகாமலே இருந்துவிடுவது கேரண்டி கேம். அட்லாண்டா, ஆர்லிங்டன் போன்ற ஊர்களில் உள்ள பெரிய ஸ்டேடியத்தில் இரண்டு அணியும் போய் ஆடிப் பணத்தை வாங்கிக்கொள்வது பொது மைதானம். ஒன்பது கான்ஃபரன்ஸ் மேட்ச் ஆடும் அணிக்கு ஒரு ஹோம் அண்ட் ஹோம், இரண்டு கேரண்டி கேம் என்பதே சரியான சேர்க்கை. ஆனால் ஹோம் அண்ட் ஹோமை எந்த வருஷத்தில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது சரியாவதும் சறுக்குவதும்.

சொந்த மைதானத்தில் கூட்டம் அதிரும், பள்ளியில் ஆடும் நல்ல பையன்களை அழைத்துவந்து காட்டலாம், பயணச் செலவு இல்லை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. பட்ஜெட்டைத் தீர்மானிப்பது வருஷத்துக்கு எத்தனை ஹோம் மேட்ச் என்ற எண். பெரிய அணிகள் குறி வைப்பது ஏழு. சீசன் டிக்கெட் விலை, பார்க்கிங், ஊர் ஹோட்டல்களின் வருமானம் எல்லாமே அந்த ஏழை நம்பித்தான் ஓடுகின்றன. 2025-26 கல்வியாண்டிலிருந்து ஒவ்வொரு பல்கலைக்கழகமும் விளையாட்டு வீரர்களுக்கு வருமானத்தில் நேரடியாகப் பங்கு (முதல் வருஷத்தில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை) கொடுக்கலாம் என்று ஆனபிறகு, ஒரு ஹோம் மேட்ச் குறைந்தால் முன்பைவிட அதிகமாக வலிக்கும்.

இனி கணக்கு. ஒன்பது ஒற்றைப்படை எண். அதனால் ஒரு வருஷம் 4 ஹோம், 5 அவே (வெளியூர்). மறுவருஷம் 5 ஹோம், 4 அவே. முன்னதை நாலு-ஹோம் வருஷம், பின்னதை ஐந்து-ஹோம் வருஷம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கேரண்டி கேமும் போட்டால் நாலு-ஹோம் வருஷத்தில் 7 ஹோம், ஐந்து-ஹோம் வருஷத்தில் 8. ஹோம் அண்ட் ஹோமில் எதிரணி நம் ஊருக்கு வருவது நாலு-ஹோம் வருஷத்தில் விழுந்தால் 4+1+2, ஏழு. நாம் போவது ஐந்து-ஹோம் வருஷத்தில் விழுந்தால் 5+0+2, அதுவும் ஏழு. இரண்டு வருஷமும் ஏழேழு. இதையே தப்பான வருஷத்தில் தொடங்கினால் 4+0+2 ஆறு, அடுத்த வருஷம் 5+1+2 எட்டு. இரண்டு வருஷத்துக்கும் மொத்தம் அதே 14 தானே, என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஆறு மேட்ச் வருஷத்தில் சீசன் டிக்கெட்டை அதே விலைக்கு விற்க முடியாது. எட்டு மேட்ச் வருஷத்தில் அதை ஈடுகட்ட விலையைத் தூக்கவும் முடியாது. கடன் தவணையும் சம்பளமும் இரண்டு வருஷமும் ஒரே அளவில்தான் வெளியே போகும். கணக்கு உதைப்பது அங்கேதான்.

அயோவா பல்கலைக்கழகத்தின் இரண்டு அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். 2024-ல் பிக் டென் அவர்களுக்குக் கொடுத்தது 4 ஹோம்: வாஷிங்டன், நார்த்வெஸ்டர்ன், விஸ்கான்சின், நெப்ராஸ்கா. அந்த வருஷம் பக்கத்துப் பகையாளி அயோவா ஸ்டேட், கின்னிக் ஸ்டேடியத்துக்கு வந்தது. இல்லினாய் ஸ்டேட்டும் டிராயும் வந்தன. மொத்தம் ஏழு. 2025-ல் பிக் டென் ஹோம் மேட்ச் 5: இண்டியானா, பென் ஸ்டேட், மினசோட்டா, ஓரிகன், மிச்சிகன் ஸ்டேட். அந்த வருஷம் அயோவா ஸ்டேட்டோடு ஆட இவர்கள் ஏம்ஸுக்குப் போனார்கள். அல்பனியும் மாசசூசெட்ஸும் இங்கே வந்தன. மறுபடி ஏழு. 69,250 பேர் உட்காரும் ஸ்டேடியம் இரண்டு வருஷமும் ஏழு நாள் திறந்தது. விஸ்கான்சினும் அலபாமாவோடு இதே மாதிரிதான் பொருத்தியது: 2024-ல் பிக் டென் ஹோம் 4, அலபாமா மேடிசனுக்கு வந்தது, 2025-ல் பிக் டென் ஹோம் 5, விஸ்கான்சின் டஸ்கலூசாவுக்குப் போனது. ஆட்டத்தில் இரண்டு தடவையும் அலபாமாவிடம் அடி, 42-10, 38-14. அட்டவணையில் ஒரு குறையும் இல்லை.

எட்டு மேட்ச் காலத்தில் எஸ்இசி அணிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. வருஷா வருஷம் 4-4, கான்ஃபரன்ஸுக்கு வெளியே நான்கு மேட்ச். ஹோம் அண்ட் ஹோமை எந்த வருஷத்தில் வைத்தாலும் எட்டு அல்லது ஏழு வந்துவிடும். அந்தக் கணக்கில் பத்து வருஷம் முன்கூட்டியே கையெழுத்தான ஒப்பந்தங்களை இப்போது ஒவ்வொன்றாக எடுத்து, எந்த லெக் (இரண்டு ஆட்டத்தில் ஒன்று) எந்த வருஷத்தில் விழுகிறது என்று பார்த்தாகவேண்டும். ஒரே சீசனில் இரண்டு ஹோம் அண்ட் ஹோம் போட்டு வைத்திருப்பவர்களுக்கு எப்படி மாற்றிப் போட்டாலும் இரண்டு வருஷத்தில் 13 தான் தேறும். ஏசிசி கான்ஃபரன்ஸில் இன்னொரு சிக்கல். அங்கே 17 அணி. 17 பேரும் ஒன்பது ஆடினால் 153, ஒரு மேட்சுக்கு இரண்டு அணி என்பதால் அது இரண்டால் வகுபடாது. குறைந்தது ஒரு அணியாவது எட்டோடு நிற்கவேண்டும். அந்த முறை தனக்கு எப்போது வரும் என்று தெரியாமல் வெளி மேட்சுக்குத் தேதி கொடுப்பது ஆபத்து.

பொது மைதானத்துக்கு வருவோம். கையில் வரும் தொகை பெரிதுதான். 2012-ல் மிச்சிகனும் அலபாமாவும் ஆர்லிங்டனில் மோதியபோது ஆளுக்கு 47 லட்சம் டாலர். ஆனால் அந்த வருஷம் மிச்சிகனின் அட்டவணையைப் பாருங்கள்: நோட்ரே டேமுக்கும் போகவேண்டிய வருஷம் அது. சொந்த ஊரான ஆன் ஆர்பரில் நடந்தது ஆறே ஆறு மேட்ச். ஒரு லட்சத்துக்கு மேல் ஆள் கொள்ளும் ஸ்டேடியம் ஒரு சனிக்கிழமை சும்மா கிடந்தது. சீசன் டிக்கெட் வாங்கியவருக்கு டெக்சஸ் வரை போகச் செலவு தனி. ஹோம் அண்ட் ஹோமில் இன்று போனால் நாளை அவன் வருவான். பொது மைதானத்தில் போனது போனதுதான்.

அலபாமாவே இதற்கு நல்ல சாட்சி. 2008-ல் அட்லாண்டாவில் கிளெம்சனோடு தொடங்கி 2021-ல் அதே ஊரில் மயாமி வரை, பெரும்பாலான வருஷம் சீசனைப் பொது மைதானத்தில்தான் திறந்தார்கள், நன்றாக ஜெயிக்கவும் செய்தார்கள். அப்படியும் அத்லெட்டிக் டைரக்டர் கிரெக் பர்ன் வந்தபிறகு ஹோம் அண்ட் ஹோமுக்குத் திரும்பினார்கள். 2022-ல் ஆஸ்டினில் டெக்சஸை 20-19 என்று தப்பிப் பிழைத்து வென்றது, 2023-ல் டஸ்கலூசாவில் அதே டெக்சஸிடம் 34-24 என்று தோற்றது, இரண்டும் அதன் பலன்.

பழைய பகையாட்டங்களை இதில் சேர்க்கக்கூடாது. டல்லஸ் காட்டன் பௌலில், டெக்சஸ் மாநிலக் கண்காட்சிக்கு நடுவே, டெக்சஸும் ஓக்லஹோமாவும் மோதும் நாளில் 50 யார்டு கோட்டில் ஸ்டேடியம் கத்தியால் வெட்டியதுபோல ஒரு பக்கம் ஆரஞ்சு, மறுபக்கம் கருஞ்சிவப்பு என்று பிளந்து நிற்கும். ஆஸ்டினுக்கும் நார்மனுக்கும் டல்லஸ் ஏறக்குறைய சம தூரம், டிக்கெட் சரிபாதி. அதை வளாகத்துக்கு மாற்றச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஜார்ஜியா, ஃபுளோரிடா இரண்டும் 1933-லிருந்து பெரும்பாலும் ஜாக்சன்வில்லில்தான் ஆடிவருகின்றன. அந்த ஸ்டேடியம் புதுப்பிக்கப்படுவதால் 2026-ல் அட்லாண்டா, 2027-ல் டாம்பா. ஜாக்சன்வில்லில் ஆடுவதால் வீரர்களைச் சேர்க்கும் வாய்ப்பு ஒரு வார இறுதி பறிபோகிறது என்று ஜார்ஜியா பயிற்சியாளர் கர்பி ஸ்மார்ட் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். அதில் நியாயம் இருக்கிறது.

கேரண்டி கேமைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். ஆனால் விலை ஏறிக்கொண்டே போகிறது. 2007-ல் அப்பலாச்சியன் ஸ்டேட் மிச்சிகனுக்கு வந்தபோது வாங்கியது 4 லட்சம் டாலர்; 2022-ல் அதே அணிக்கு டெக்சஸ் ஏ அண்ட் எம் கொடுத்தது 15 லட்சம். இடையில் 2014-ல் அந்த அணி மேல் பிரிவுக்கு ஏறிவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். இரண்டு தடவையும் காசு கொடுத்து அழைத்தவர்களே தோற்றார்கள், 34-32, 17-14. ஏ அண்ட் எம் தோற்ற 2022 செப்டம்பர் 10 அன்றே நோட்ரே டேம் மார்ஷலிடமும், நெப்ராஸ்கா ஜார்ஜியா சதர்னிடமும் சொந்த ஊரில் விழுந்தன. மறுநாளே நெப்ராஸ்கா பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்டுக்கு வேலை போயிற்று. கீழ்ப் பிரிவான எஃப்சிஎஸ் அணியை அழைத்தால் செலவு குறையும். ஆனால் சீசன் முடிந்து நடக்கும் பௌல் ஆட்டத்துக்குத் தேவையான ஆறு வெற்றியில் வருஷத்துக்கு ஒரு எஃப்சிஎஸ் வெற்றியைத்தான் சேர்ப்பார்கள். எஸ்இசி அணிகளுக்கு மூன்றையும் கேரண்டி கேமாக வைக்கும் வழியே இப்போது இல்லை: ஏசிசி, பிக் டென், பிக் 12, நோட்ரே டேம் ஆகியவற்றிலிருந்து ஒரு எதிரணியாவது இருந்தாகவேண்டும் என்பது விதி.

இரண்டுக்கும் நடுவே "இரண்டு தடவை நீ வா, ஒரு தடவை நான் வருகிறேன்" என்ற பேரமும் உண்டு. ஃபுளோரிடா அப்படிக் கேட்டபோது 2018-ல் யூசிஎஃப் (சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம்) மறுத்தது. பிறகு அதே கணக்குக்கு ஒத்துக்கொண்டு 2024-ல் கெய்ன்ஸ்வில்லுக்குப் போய் ஆடியது. பெரிய அணிக்கு இது லாபம்தான். எதிரணி வளர்ந்து சமபலம் ஆகிவிட்டால் மூன்றாவது மேட்ச் வரை அந்தப் பேரம் தாக்குப்பிடிக்குமா என்பதுதான் சந்தேகம்.

சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்கு அணிகளைப் பொறுக்கும் தேர்வுக் குழு இதையெல்லாம் எப்படி எடைபோடும் என்பதில் இன்னும் உறுதியாகப் பேசமுடியாது. 12 அணி பிளேஆஃப் 2024-ல்தான் தொடங்கியது, இரண்டு சீசனை வைத்து விதி சொல்லக்கூடாது. இதுவரை பார்த்தது ஹோம் அண்ட் ஹோமுக்குச் சாதகமாக இல்லை என்பதை மறைக்கவும் கூடாது. 2024-ல் இண்டியானா கான்ஃபரன்ஸுக்கு வெளியே உள்ள தன் மூன்று மேட்சையும் சின்ன அணிகளோடு சொந்த ஊரான ப்ளூமிங்டனிலேயே ஆடி, 11 வெற்றி, 1 தோல்வி (11-1) என்று உள்ளே போனது. 2025-ல் டெக்சஸ் முதல் வாரமே கொலம்பஸுக்குப் போய் ஓஹையோ ஸ்டேட்டிடம் 14-7 என்று தோற்று, கடைசியில் 9-3 என்று வெளியே நின்றது. அவர்களுடைய ரிட்டர்ன் லெக் 2026-ல் ஆஸ்டினில். மூன்று தோல்வியில் ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டுவது சரியல்ல. ஆனாலும் பல அத்லெட்டிக் டைரக்டர்கள் அதைப் பார்த்துத்தான் பின்வாங்குகிறார்கள்.

அந்தப் பின்வாங்கல்தான் ஹோம் அண்ட் ஹோமின் உண்மையான பலவீனம். அதை ஒப்பந்தத்தில்தான் அடைக்கவேண்டும். ரத்துத் தொகையைப் பத்து வருஷத்துக்கு முந்தைய விலையில் எழுதிவைத்தால், எதிரணி அதை விட்டெறிந்துவிட்டுப் போய்விடும். கடைசி நேரத்தில் மாற்று அணியை அழைக்க என்ன செலவாகுமோ, அந்த அளவுக்காவது ரத்துத் தொகை இருக்கவேண்டும். வருஷம் கூடக் கூட அதுவும் கூடவேண்டும். ஒரு லெக் நடக்காமல் போனால் மற்றதும் ரத்தா, வேறு தேதியா என்று தெளிவாக எழுதவேண்டும். ஓரிகனுக்கு நேர்ந்தது இதுதான். 2020-ல் ஓஹையோ ஸ்டேட் யூஜினுக்கு வரவேண்டியது கொரோனாவால் நடக்கவில்லை. 2021-ல் ஓரிகன் கொலம்பஸுக்குப் போய் 35-28 என்று ஜெயித்தும் வந்தது. களத்தில் லாபம், ஆட்ஸன் ஸ்டேடியக் கல்லாவில் ஒரு மேட்ச் காலி. பிறகு ஓரிகன் பிக் டென்னில் சேர்ந்துவிட்டதால், 2024-ல் ஓஹையோ ஸ்டேட் யூஜினுக்கு வந்தது கான்ஃபரன்ஸ் மேட்சாக. பழைய கடன் அடையவில்லை. இரண்டு அணியும் ஒரே கான்ஃபரன்ஸுக்குள் வந்துவிட்டால் என்ன என்பதற்கும் ஒரு ஷரத்து வேண்டும். டிவி உரிமை வழக்கமாக ஹோம் அணியின் கான்ஃபரன்ஸுக்கே போகும், நடுவர்களைப் பெரும்பாலும் விருந்தாளியின் கான்ஃபரன்ஸ் அனுப்பும். இரண்டையும் பேச்சோடு விடாமல் எழுத்தில் வாங்குவது நல்லது. விருந்தாளி அணிக்கு ஒதுக்கும் டிக்கெட்டில் விற்காததை எந்தத் தேதிக்குள் திருப்பவேண்டும் என்பதையும் சேர்த்துவிட்டால் ஆகஸ்டில் சண்டை வராது.

தேதியைப் பொறுத்தவரை அவே லெக்கை இரண்டாவது வாரத்தில் வைப்பது நல்லது. முதல் வாரம் சொந்த ஊரில் ஒரு கேரண்டி கேம்; புது குவார்ட்டர்பேக்குக்கும் புது லைனுக்கும் கை பழக அது போதும். மூன்றாவது வாரம் மறுபடி சொந்த ஊர். அடி பட்டவர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். நாலாவது வாரம் கான்ஃபரன்ஸ் வெளியூரில் தொடங்கினாலும் தொடர்ச்சியாக இரண்டு பயணம் விழாது. அயோவா 2025-ல் வைத்திருந்த வரிசையும் இதுவே: அல்பனி, ஏம்ஸ், மாசசூசெட்ஸ், பிறகு நாலாவது வாரம் ரட்கர்ஸ் பயணம்.