தட்ட நேரம் இருக்கிறதா? ஜூடோ, ஜியு-ஜிட்சு, குஸ்தி

ஆர்.கே.புரத்திலோ மயூர் விஹாரிலோ இருந்துகொண்டு பிடிசண்டை பழக நினைத்தால் டெல்லியில் மூன்று வழி: ஜூடோ, தரையில் கட்டிப் புரண்டு மூட்டைப் பூட்டும் பிரேசிலிய ஜியு-ஜிட்சு, சக்தி நகர் குரு ஹனுமான் அகாடா (மல்யுத்தக் கூடம்) போன்ற இடங்களின் குஸ்தி. எதில் அடி அதிகம் என்பதைவிட, மூட்டு போகும் முன் எதிராளியையோ தரையையோ கையால் தட்டி, தோல்வியை ஒப்புக்கொண்டு பிடியை விடுவிக்க நேரம் கிடைக்குமா என்று பாருங்கள்.

ஜூடோவின் எறிதலில் கிடைக்காது. தூக்கி எறிந்த அடுத்த நொடி தரையில் கிடப்பீர்கள். கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும், தோள்முனையில் விழுந்தால் காறை எலும்பு. பாதம் மேட் விரிப்பில் பதிந்திருக்க உடம்பு மட்டும் திரும்பினால் முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் அறுந்துவிடலாம். எனக்குப் பெரிய பயம் தலைதான். காலை வாரிப் பின்னால் சாய்க்கும் ஓசோடோ-காரியில் மல்லாக்க விழும்போது மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்காவிட்டால் பின்மண்டை மோதும். ஜப்பானியப் பள்ளிகளில் 1983க்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஜூடோவால் இறந்திருக்கிறார்கள். விழும் பயிற்சியை வாரக்கணக்கில் கொடுக்காத வகுப்பில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

ஜியு-ஜிட்சுவில் பெரும்பாலும் நேரம் உண்டு. கையை நீட்டி மடக்கும் ஆம்பார் பூட்டில் முழங்கை நீள்வது தெரியும், தட்டிவிடலாம். ஹீல் ஹூக் அப்படியல்ல. எதிராளி உங்கள் குதிகாலை முழங்கை மடிப்பில் சிக்கவைத்துத் திருகுவார். தொடை அசையாது, கீழ்க்கால் மட்டும் திரும்பும். வலி தெரியும்போது தசைநார் கிழிந்திருக்கும். அதனால் பிடி விழுந்ததுமே தட்ட வேண்டும், திருகும்வரை காத்திருக்கக் கூடாது. வருஷக்கணக்கில் பார்த்தால் தேய்வது விரல்கள். எதிராளி போட்டிருக்கும் கி என்ற தடித்த பயிற்சி உடையின் கையை இறுகப் பிடித்துப் பிடித்து நடுமூட்டுகள் தடித்து, முஷ்டி முழுசாக மூடாமல் போகும். எதிராளி பிடியைப் பிய்த்தால் விட்டுவிடுங்கள், விரலால் மல்லுக்கட்டாதீர்கள்.

குஸ்தியில் தட்டுவது என்பதே கிடையாது. தலையை ஊன்றி உடம்பை வில்லாக வளைக்கும் கழுத்துப் பாலம் போட்டுப் போட்டு கழுத்தெலும்புகளுக்கு இடையிலான டிஸ்க் தேயும். கையில் மரமரப்பு இறங்கினால் அன்றே நிறுத்த வேண்டும். காது இன்னும் சீக்கிரம் கெடும். உரசலில் தோலடியில் ரத்தம் தேங்கி, தொட்டால் தண்ணீர்ப் பை போல மெத்தென்றிருக்கும். சில நாட்களுக்குள் மருத்துவர் வடித்து, அழுத்திக் கட்டாவிட்டால் குருத்தெலும்புக்கு ரத்தம் போகாமல் காது முடிச்சாகிவிடும். வெறுமனே ஊசியால் இழுத்துவிட்டு அன்று மாலையே மேட் ஏறினால் மறுபடி நிரம்பும்.

நாற்பதில் தொடங்குபவருக்கு, ஹீல் ஹூக்கை ஒதுக்கும் ஜியு-ஜிட்சு வகுப்பையே சொல்வேன். ஜனவரிக் குளிரில் வார்ம்-அப்புக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஏசிஎல் அறுவைசிகிச்சை ஆனவர்கள் ஒன்பது மாதத்துக்கு முன் மேட் ஏறினால் மறுபடி அறுகிற வாய்ப்பு கூடுதல். நடக்க வருகிறது என்பதற்காக அவசரப்படாதீர்கள்.