நாள் கடந்தும் வலி எடுக்காதபோது: வீட்டுப் பிரசவத் திட்டத்தோடு எந்தத் தூண்டல் ஒத்துப்போகும்?

இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் மருத்துவிச்சிகளின் துணையோடு வீட்டிலேயே பிள்ளை பெறத் திட்டமிட்டிருக்கும் ஒருவருக்கு 40 வாரம் முடிந்தும் வலி எடுக்கவில்லை என்றால், அடுத்த சந்திப்பில் தூண்டலுக்கு, அதாவது பிரசவ வலியைச் செயற்கையாக வரவழைப்பதற்கு, நாள் குறிக்கும் பேச்சு தவறாமல் வரும். அதற்கு ஆம் அல்லது இல்லை என்ற இரண்டே விடைகள்தான் உண்டு என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அவர் முன்னால் ஏழெட்டு வழிகள் இருக்கின்றன. அவற்றுள் சில வீட்டுப் பிரசவத்தைத் தொடுவதே இல்லை, சில அதைப் பாதி கைவிடச் செய்கின்றன, சில முழுதாக முடித்துவைக்கின்றன. எந்த வழி வலியை விரைவில் வரவைக்கும் என்பதைவிட, எந்த வழியில் இறங்கிய பிறகு வீட்டுக்குத் திரும்ப முடியாது என்பதையே அளவுகோலாக வைத்து அவற்றை இங்கே ஒப்பிடுகிறேன்.

அதற்கு முன், நாள் மெய்யாகவே கடந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணும் பழைய கணக்கு 28 நாள் சுழற்சி உள்ளவருக்கே பொருந்தும். 35 நாளுக்கு ஒருமுறை விலக்காகிறவருக்கு அது ஒரு வாரம் முந்தியே நாளைக் காட்டிவிடும். 11 வாரத்துக்கும் 14 வாரத்துக்கும் இடையில் எடுக்கும் ஸ்கேனில் சிசுவின் தலை முதல் பிட்டம் வரையிலான நீளத்தை அளந்து குறித்த நாளே நம்பத்தக்கது. அந்த ஸ்கேனைத் தவறவிட்டவர் 41 வாரம் என்று சொல்லும்போது, முன்னும் பின்னும் சில நாட்களை மனத்தில் வைத்துக்கொண்டே மற்றதைப் பேச வேண்டியிருக்கும்.

காத்திருப்பதும் ஒரு தேர்வுதான். ஒன்றும் செய்யாமல் இருப்பதால் அது ஆபத்தற்றது ஆகிவிடாது. ஏறத்தாழ 1.5 கோடி கர்ப்பங்களைத் தொகுத்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், கருவிலேயே சிசு இறக்கும் வாய்ப்பு 37ஆம் வாரத்தில் ஆயிரத்துக்கு 0.11 ஆக இருந்தது. 42ஆம் வாரத்தில் அது 3.18 ஆனது. 40ஆம் வாரத்திலிருந்து 41ஆம் வாரம் வரை காத்திருப்பதால் 1,449 பேருக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதல் இழப்பு நேர்வதாகவும் அது கணக்கிட்டது. விகிதமாகச் சொன்னால் மிரட்டுவதாகவும், எண்ணிக்கையாகச் சொன்னால் ஆறுதலாகவும் தோன்றும் செய்தி இது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் மருத்துவிச்சி கிடைத்தால் அது நல்ல பேறு.

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சோதித்த இரண்டு ஆய்வுகள் 2019இல் வந்தன. சுவீடனில் 2,760 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு 41 வாரத்தில் தூண்டினார்கள். மறு பிரிவினரை 42 வாரம் வரை காத்திருக்கவிட்டார்கள். காத்திருந்த பிரிவில் 6 சிசுக்கள் இறந்தன, தூண்டிய பிரிவில் ஒன்றும் இறக்கவில்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். நெதர்லாந்தில் 1,801 பேரிடம் நடந்த ஆய்வு வீட்டுப் பிரசவம் நினைப்பவருக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் மருத்துவிச்சிகளின் பராமரிப்பில் இருந்தவர்களும் அதில் பெருமளவில் சேர்க்கப்பட்டார்கள். அங்கே சிசுவுக்கான பாதகமான விளைவுகள் தூண்டிய பிரிவில் 1.7 விழுக்காடு, காத்திருந்த பிரிவில் 3.1 விழுக்காடு; சிசேரியன் இரு பிரிவிலும் 10.8 விழுக்காடு. தூண்டினால் கத்திதான் என்று உறவுக்காரர்கள் பயமுறுத்துவதற்கு இந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 34 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியிட்ட அலசலும், தூண்டும் கொள்கையில் சிசேரியன் சற்றே குறைவு என்றும், 544 பேருக்குத் தூண்டினால் ஒரு சிசு மரணம் தவிர்க்கப்படும் என்றும்தான் சொல்கிறது.

காத்திருப்பவரின் தரப்பிலும் வலுவான ஒரு வாதம் உண்டு. சுவீடன் ஆய்வில் காத்திருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தூண்டல் தேவைப்படவில்லை. வலி தானாக எடுப்பதைப் பொறுத்தே வீட்டுப் பிரசவம் நிற்பதால், அந்த ஒரு வாரத்தின் மதிப்பு மருத்துவமனையில் பெறப்போகிறவரைவிட இவருக்குப் பன்மடங்கு கூடுதல்.

இது முதல் பிள்ளையா, அடுத்ததா என்பதைப் பொறுத்துத் தராசே மாறிவிடும். 2020இல் இந்த ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, 41 வாரத்தில் தூண்டுவதன் பலன் முதல் பேறுகாரரிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. முன்பே பெற்றவர்களிடம் அது தென்படவில்லை. வீட்டுப் பிரசவத்தைப் பற்றி இங்கிலாந்தில் 64,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வும் இதே கோட்டில்தான் பிரிகிறது. வீட்டில் திட்டமிட்ட முதல் பேறுகளில் சிசுவுக்குக் கடும் பாதகம் ஆயிரத்துக்கு 9.3, மகப்பேறு மருத்துவர் பிரிவில் திட்டமிட்ட முதல் பேறுகளில் 5.3. வீட்டில் தொடங்கிய முதல் பேறுகாரரில் 45 விழுக்காட்டினர் பிரசவத்தின்போதோ பிறகோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். ஏற்கெனவே பெற்றவர்களுக்குச் சிசுவின் பாதகத்தில் வேறுபாடு இல்லை. மாற்றப்பட்டவர்களும் 12 விழுக்காடுதான். ஆகவே 41 வாரத்தைத் தாண்டிய முதல் பேறுகாரர், பாதி வாய்ப்புள்ள ஒரு வீட்டுப் பிரசவத்துக்காக அதிக ஆபத்துள்ள வாரத்தைக் கடக்கிறார். இரண்டாம் பேறுகாரர், கிட்டத்தட்ட உறுதியான ஒன்றுக்காகக் குறைந்த ஆபத்தை ஏற்கிறார். இருவருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்வது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

தமிழ்க் குடும்பங்களைத் தொடும் ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். மருத்துவ வழிகாட்டு நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021ஆம் ஆண்டின் வரைவில், வேறு சிக்கல் இல்லாவிட்டாலும் கறுப்பின, ஆசியப் பெண்களுக்கு 39 வாரத்திலேயே தூண்டலைப் பரிசீலிக்கலாம் என்று எழுதியிருந்தது. மருத்துவிச்சிகளும் தாய்மார் அமைப்புகளும் எதிர்த்த பின், அதே ஆண்டு நவம்பரில் வந்த இறுதி வடிவில் அந்தப் பரிந்துரை இல்லை. பிரிட்டனில் ஆசியத் தாய்மாரின் கருவிலேயே இறக்கும் சிசுக்களின் விகிதம் வெள்ளையரைவிட அதிகம் என்பது ஆண்டறிக்கைகளில் தொடர்ந்து பதிவாகிவரும் உண்மை. அந்த வேறுபாட்டில் தோலின் நிறத்துக்கு எவ்வளவு பங்கு, ஏழ்மைக்கும் மொழித் தடைக்கும் அலட்சியத்துக்கும் எவ்வளவு பங்கு என்பதைப் பிரிக்காமல் நாளை மட்டும் முன்னே தள்ளுவது சரியன்று என்பதே என் எண்ணமும். ஆனாலும் 41 வாரத்தைத் தாண்டிக் காத்திருக்க நினைக்கும் தமிழ்ப் பெண் அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு காத்திருப்பதே நல்லது.

வீட்டோடு முழுமையாக ஒத்துப்போகும் தூண்டல் ஒன்றே ஒன்றுதான்: ஸ்வீப். மருத்துவிச்சி கருப்பை வாய்க்குள் விரலை விட்டு, பனிக்குடச் சவ்வைச் சுற்றிலும் மெல்ல விலக்கிவிடுகிறார். அதனால் கருப்பை வாயை இளக்கும் புரோஸ்டாகிளாண்டினை உடலே சுரக்கிறது. 39 வாரத்துக்குப் பிறகு இதை முன்வைக்கலாம் என்கிறது நைஸ். காக்ரேன் தொகுப்பின்படி, ஸ்வீப் செய்யாத ஆயிரம் பேரில் 598 பேருக்குத் தானாக வலி எடுத்தது; செய்தவர்களில் 723 பேருக்கு. முறையான தூண்டல் 313 பேரிலிருந்து 228 பேராகக் குறைந்தது. எட்டில் ஒருவரின் வீட்டுப் பிரசவத்தை இது காப்பாற்றித் தருகிறது என்று கொள்ளலாம். உறுத்தலும் சிறு இரத்தக் கசிவும், ஒழுங்கில்லாத வலியோடு உறக்கமற்ற ஓர் இரவும் இதற்கான விலை. கருப்பை வாய் இன்னும் மூடியிருந்தால் விரல் உள்ளே போகாது. அப்போது கருப்பை வாயின் வெளிப்புறத்தைச் சுற்றித் தடவிவிட்டு, ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

அடுத்து வருவது மாமியாரும் இணையமும் சேர்ந்து பரிந்துரைக்கும் வரிசை. அதில் முதலிடம் விளக்கெண்ணெய்க்கு. இது வெறும் மூடநம்பிக்கையன்று. அதிலுள்ள ரிசினோலியிக் அமிலம் குடலிலும் கருப்பையிலும் ஒரே வகை ஏற்பிகளைத் தூண்டுகிறது என்று எலிகளில் 2012இல் காட்டப்பட்டது. வயிற்றுப்போக்கும் சுருக்கமும் சேர்ந்து வருவது அதனால்தான். ஆனால் 233 பெண்களைக் கொண்ட காக்ரேன் அலசலில் தெளிவாகத் தெரிந்தது ஒன்றே: குடித்த அத்தனை பேருக்கும் குமட்டல். நாள் கடந்த சிசு கருவிலேயே மலம் கழிக்கும் வாய்ப்பு ஏற்கெனவே கூடுதல். நீர் வற்றிச் சோர்ந்த தாய், அளவிட முடியாத சுருக்கங்கள், யாரும் கேட்காத இதயத் துடிப்பு ஆகியவையும் சேர்ந்தால், வீட்டுப் பிரசவத்தைக் காக்கக் குடித்த எண்ணெயே ஆம்புலன்ஸை வரவழைத்துவிடும். பேரீச்சம்பழத்தின் கதை வேறு. ஜோர்டானில் கடைசி நான்கு வாரம் நாளுக்கு ஆறு பழம் தின்றவர்களில் 96 விழுக்காட்டினருக்கும், தின்னாதவர்களில் 79 விழுக்காட்டினருக்கும் தானாக வலி எடுத்தது. குலுக்கிப் பிரிக்காத சிறு ஆய்வு அது. மேலும் 41 வாரத்தில் தொடங்குகிறவருக்கு அந்த நான்கு வாரம் ஏற்கெனவே போய்விட்டது. மார்புக் காம்பைத் தூண்டுவது கருப்பை வாய் இளகியிருப்பவரிடம் ஓரளவு பலன் தருகிறது. ஆயினும் ஆபத்து மிகுந்த கர்ப்பங்களில் இதைச் சோதித்த ஓர் ஆய்வு சிசு மரணங்களால் நிறுத்தப்பட்டதை நினைத்தால், சிக்கலற்ற கர்ப்பத்தில் மட்டும், ஒரு வலி எடுத்ததும் கையை விலக்கிவிடும் ஒழுங்கோடு செய்வதே முறை. ப்ளூ கோஹோஷ் என்ற மூலிகையைத் தொடவே கூடாது. அதை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு இதயம் செயலிழந்த பதிவுகள் உள்ளன. கருப்பையைச் சுருங்கச் செய்யும் மிசோபிராஸ்டால் மாத்திரையை வெளியே வாங்கி வீட்டில் போடுவதும் அதே தட்டில் வைக்க வேண்டியது.

மருத்துவமனை வழிகளில், பிஷப் மதிப்பெண் எனப்படும் கருப்பை வாயின் பக்குவ அளவு 6 அல்லது அதற்குக் கீழே இருந்தால், முதலில் வாயை இளக்க வேண்டும். அதற்குப் புரோஸ்டாகிளாண்டின் ஒரு வழி: 24 மணி நேரம் யோனிக்குள் இருக்கும் 10 மில்லிகிராம் பட்டை, ஜெல், அல்லது விழுங்கும் 25 மைக்ரோகிராம் மிசோபிராஸ்டால் மாத்திரை. இன்னொரு வழி பலூன்: மெல்லிய குழாயின் நுனியில் நீர் நிரப்பிய பலூன், உள்ளிருந்து அழுத்தி வாயை மூன்று சென்டிமீட்டர் அளவுக்குத் திறக்கிறது. புரோஸ்டாகிளாண்டினில் கருப்பை அளவு மீறிச் சுருங்கிச் சிசுவின் துடிப்பு தடுமாறும் ஆபத்து உண்டு. பலூனில் அது வெகுவாகக் குறைவு. அதனால்தான் பல இடங்களில் பலூனை வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த 12 முதல் 24 மணி நேரத்தைச் சொந்தப் படுக்கையில் கழிப்பது வீட்டுப் பிரசவம் ஆகாது. ஆனாலும் வார்டில் திரைக்குப் பின்னால் கிடப்பதைவிட மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. வாய் இளகிவிட்டால் பனிக்குடத்தை உடைப்பார்கள். இரண்டாம் பேறுகாரருக்குச் சில வேளை அதுவே போதும். வலியை வரவைக்கும் ஆக்சிடோசின் டிரிப்ஸ் இன்றி, மருத்துவிச்சிகளே நடத்தும் பிரசவ மையத்தில் பெற்றுக்கொள்ள முடியுமா என்று அவர் கேட்டுப் பார்க்கலாம். இதை வீட்டில் ஏன் செய்யக் கூடாது என்று கேட்பவருக்கு விடை எளிது: தலை மேலே மிதந்துகொண்டிருக்கும்போது நீர் பாய்ந்தால் தொப்புள்கொடி முந்தி வெளியே விழலாம், அப்போது கிடைப்பவை நிமிடங்கள் மட்டுமே.

ஆக்சிடோசின் டிரிப்ஸ் ஏறிவிட்டால் வீட்டுப் பிரசவம் முடிந்தது. சிசுவின் துடிப்பை இடைவிடாமல் பதிவு செய்ய வேண்டும், வலியும் படிப்படியாக ஏறாமல் சட்டென்று உச்சிக்குப் போவதாகப் பலர் சொல்கிறார்கள், முதுகில் ஊசி போட்டுக்கொள்ளும் தேவையும் கூடுகிறது. முதல் பேறுகாரர் தூண்டலுக்குச் சம்மதிக்கும்போது அநேகமாக இதற்கும் சேர்த்தே சம்மதிக்கிறார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். திட்டமிட்ட சிசேரியனும் நெறிப்படி ஒரு தேர்வே; வீட்டில் பெற விரும்பியவர் அதைத் தேர்ந்தெடுப்பது அரிது.

என்னைக் கேட்டால், இரண்டாம் பேறுகாரர் 40 வாரம் முடிந்ததும் ஒன்றும் 41இல் ஒன்றுமாக ஸ்வீப் செய்துகொண்டு, 42 வாரத்துக்குள் ஒரு நாளைக் குறித்து வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். முதல் பேறுகாரர் 39 வாரத்திலிருந்தே ஸ்வீப்பைத் தொடங்கி, 41 வாரம் தாண்டிச் சில நாட்களுக்குள் பலூனுக்கு ஒத்துக்கொள்வதே எனக்குச் சரியெனப் படுகிறது. இரண்டையும் மறுக்கும் உரிமை தாய்க்கு உண்டு. அவர் பொருட்படுத்தக்கூடிய ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை என்று 2015இல் மான்ட்கோமரி வழக்கில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது.

மறுத்துக் காத்திருப்பவருக்கு 42 வாரத்திலிருந்து வாரம் இருமுறை சிசுவின் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் சிடிஜி பதிவும், பனிக்குட நீரின் ஆழத்தை அளக்கும் ஸ்கேனும் தருவார்கள். அவை அந்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். செவ்வாய்க்கிழமை நன்றாக இருந்த பதிவு வியாழக்கிழமைக்கு உறுதி சொல்லாது. இடைப்பட்ட நாளில் சிசுவின் அசைவு குறைந்ததாகவோ மாறியதாகவோ தோன்றினால், அடுத்த சந்திப்புக்கோ விடியலுக்கோ காத்திராமல், அந்த நிமிடமே மகப்பேறுப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.