பேப்பர்க் கூழ்க் கூடைக்கு வெந்தயமா, மைதாவா, வெள்ளைப் பசையா?

பழைய பேப்பரை எடைக்குப் போடாமல் ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்துக் கூடை செய்வது தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து வீடுகளில் நெடுநாள் பழக்கம். மூங்கில் முறத்தின் இடுக்கை அடைக்கவும் இதே கூழ்தான். இப்போது ஹார்டுவேர் கடையில் மரம் ஒட்டும் வெள்ளைப் பசை டப்பா கிடைப்பதால் வெந்தயத்துக்கு வேலையில்லை என்கிறார்கள். பாதிதான் சரி.

முதலில் வெந்தயம். அரைக் கிலோ பேப்பருக்கு 50 கிராம் போதும். ஓரடி அகலம், நாலு அங்குல ஆழத்தில் ஒரு கூடை வரும். இரண்டையும் தனித்தனியாக ஒரு ராத்திரி ஊறவைத்து, பேப்பரைப் பிழிந்து, சேர்த்து அரைக்க வேண்டும். கொழகொழப்பு இழைகளைப் பிடித்துக்கொள்வதால் கூழ் கையில் சப்பாத்தி மாவு போல வளையும், பக்கச் சுவரில் சரியாது. பிசின் நிறைய இருந்தால் நல்லது என்று 100 கிராம் போடுபவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் தண்ணீர் வடியாது, காய நாளாகும், வெடிப்பும் விடும். வாசனை சில வாரம் போகாது. அது பிடிக்காதவர்கள் வெந்தயத்தை விட்டுவிடலாம்.

மைதாப் பசை மலிவு, பிடிப்பும் நன்றாகவே இருக்கும். ஆனால் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் தேடி வரும். தலையாட்டிப் பொம்மை செய்பவர்கள் மாவுப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது இதற்காகத்தான். துத்தம் விஷம். கொலு பொம்மைக்குச் சரி. வெங்காயம், பூண்டு போடும் கூடைக்கு வேண்டவே வேண்டாம்.

வெள்ளைப் பசையைக் கூழில் கலப்பது காசுக்குப் பிடித்த கேடு. அரைக் கிலோ பேப்பருக்குக் கால் கிலோ பசையாவது இழுக்கும். கூழைச் சரியாகப் பிழியாவிட்டால் பாதி தண்ணீரோடு ஓடிவிடும். மேல்பரப்பு முதலில் இறுகி உள்ளே ஈரம் அடைபடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அப்படியே பூசணம் பூக்கும். அந்தப் பசைக்குரிய இடம் வெளித்தோல்தான். காய்ந்த கூடையின் மேல், இரண்டு பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, கிழித்த நோட்டுத் தாளை இரண்டு அடுக்கு ஒட்டினால் விளிம்பு உதிராது. கத்தரியால் வெட்டிய தாளைவிடக் கையால் கிழித்த தாள் நன்றாகப் படியும்.

பேப்பரிலும் தரம் உண்டு. செய்தித்தாளில் இழை குட்டை. தனியாகப் போட்டால் விளிம்பு பொடிப்பொடியாக உதிரும். கால் பங்கு அட்டைப்பெட்டி சேர்த்தால் உறுதி. முட்டை அட்டை சீக்கிரம் கரையும். பளபள காலண்டர் தாள், கல்யாணப் பத்திரிகை இரண்டும் சரியாகக் கூழாகாது. தாளில் குத்திய ஸ்டேப்ளர் பின்னை எடுத்துவிட்டு அரையுங்கள். மிக்ஸியில் ஒரு கைப்பிடிக்கு மேல் போட்டால் மோட்டார் சூடேறும். நிறையத் தண்ணீர் விட வேண்டும். இட்லி மாவு அரைக்கும் கிரைண்டரில் மை கறை பிடிக்கும், அதில் வேண்டாம். பிழிந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

அதிகம் கெடுவது காயவைக்கும்போதுதான். கூழ் காய்ந்தால் சுருங்கும். கவிழ்த்த அண்டாவின் வெளிப்பக்கம் அப்பியிருந்தால் அண்டாவை இறுக்கிப் பிடித்து வாய் ஓரம் வெடிக்கும். ஆகவே அடியில் நனைத்த வேட்டித் துணி போட்டு, சுண்டுவிரல் கனத்துக்கு அப்பி, ஓரம் வெளுக்கத் தொடங்கியதும் துணியோடு கழற்றிவிட வேண்டும். முதல் நாள் திண்ணை நிழல், பிறகு வெயில். எடுத்ததும் பங்குனி வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். மாசி முதல் ஆனி வரை இதற்கு நல்ல காலம். நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் காற்றே ஈரம் என்பதால் கூடுதலாக இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

ஆகவே உடம்புக்கு வெந்தயம், தோலுக்கு வெள்ளைப் பசை. மேலே வார்னிஷ் அடித்தாலும் ஈரத்தரையில் வைக்கக் கூடாது. தோல் அழுக்கானால் அந்த இடத்துத் தாளை மட்டும் உரித்துப் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம்.