இருபுறமும் நேர்ப்புறம்: இரட்டைமுனை குரோஷே ஊசிகளில் எது தேறியது?

துனிசியன் குரோஷே, அதாவது ஒரு வரிசையின் கண்ணிகள் முழுவதையும் நீள ஊசியில் ஏற்றிவிட்டுப் பிறகு இறக்கும் கொக்கிப் பின்னல், போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சங்கடம் தெரியும். பார்க்க அழகாக வரும். கீழே வைத்தால் பாய் மாதிரி சுருண்டுகொள்ளும். எல்லா வரிசையும் ஒரே பக்கத்தைப் பார்த்தே போடப்படுவதுதான் காரணம். பின்புறத்தைக் காட்டவும் முடியாது. கழுத்தில் சுற்றும் துண்டுக்கு இது சரிப்படாது என்றுதான் இரண்டு முனையிலும் கொக்கி உள்ள ஊசிகளைத் தேடிப் போனேன்.

முறை எளிது. முதல் நிறத்தில் சங்கிலி போட்டு, அதிலிருந்து கண்ணிகளை (நூல் வளையங்களை) ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்ற வேண்டும். எல்லாம் ஏறியதும் அவற்றை மறுமுனைக்குத் தள்ளி, வேலையைத் திருப்பிக்கொண்டு, இரண்டாம் நிற நூலால் இறக்க வேண்டும்: முதலில் ஒரு கண்ணி வழியாக இழுப்பது, பிறகு ஊசியில் ஒன்று மிஞ்சும்வரை இரண்டிரண்டாக இழுப்பது. திருப்பாமல், அதே இரண்டாம் நிறத்தில் மறுபடி கண்ணிகளை ஏற்றி, தள்ளி, திருப்பினால் முதல் நிறத்தின் முறை. இப்படி மாறி மாறிப் போகும்போது ஒரு பக்கத்தில் ஒரு நிறமும் மறுபக்கத்தில் மற்றதும் தூக்கலாகத் தெரியும். இரண்டு பக்கமும் சமமாக வேலை நடப்பதால் சுருளவும் செய்யாது.

கைக்கு வந்த ஊசிகள் நான்கு. அதில் ஒன்றை உடனே ஒதுக்கிவிடலாம். நடுவில் ரப்பர் பிடி, ஒரு முனை 4 மி.மீ., மறுமுனை 5 மி.மீ. இதையும் ‘இரட்டைமுனை’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் கண்ணிகள் அந்தப் பிடியைத் தாண்டி நகராது. நகர்ந்தாலும் ஒரு நிறம் இறுக்கமாகவும் மற்றது தளர்வாகவும் வரும். இரண்டு ஊசி வாங்கும் செலவை மிச்சப்படுத்தத்தான் அது பயன்படும். நமக்கு வேண்டியது முனைக்கு முனை ஒரே தடிமன், நடுவில் எந்தத் தடையும் இல்லாதது.

மீதி மூன்றும் 6.5 மி.மீ. நடுத்தரத் தடிமனுள்ள உல்லன் நூலுக்கு வழக்கமாக 5 மி.மீ. எடுப்பேன். இந்த வேலைக்கு அது போதாது. துணி அட்டை மாதிரி விறைத்துவிடும். ஒரே நூல், 30 கண்ணி, 20 வரிசை என்று மூன்றிலும் ஒவ்வொரு துண்டு போட்டேன்.

அலுமினியக் கம்பிதான் வேகம். தள்ள வேண்டிய அவசியமே இல்லை, லேசாகச் சாய்த்தால் கண்ணிகள் தாமாக மறுமுனைக்கு ஓடிவிடும். அதுதான் அதன் குறையும். சாதாரணத் துனிசியன் ஊசியின் பின்முனையில் கண்ணிகள் விழாமல் தடுக்க ஒரு குமிழ் இருக்கும். இங்கே இரண்டு பக்கமும் திறந்த வாசல். தண்ணீர் குடிக்க எழுந்து வந்து பார்த்தபோது பாதி வரிசை மடியில் கிடந்தது. விழுந்த கண்ணிகளைத் திரும்பப் பிடிப்பது சாதாரணக் குரோஷேயில் ஒன்றுமில்லை. இங்கே இரண்டு நிறமும் பின்னிக் கிடப்பதால் கண் வலிக்கும். அப்புறம் ஓய்வு எடுக்கும்போதெல்லாம் இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் சுற்றி வைக்கப் பழகிக்கொண்டேன். வழுக்கும் பருத்தி நூலுக்கு இந்தக் கம்பியை நான் எடுக்கவே மாட்டேன்.

மூங்கில் நேர் எதிர். கண்ணிகள் வைத்த இடத்தில் நிற்கும், கைக்கும் இதமாக இருக்கும். ஆனால் தள்ளும்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகரும், அதிலும் என்னைப் போல இறுக்கிப் போடுகிறவர்களுக்கு. புதிதாக வந்தபோது கொக்கியின் கழுத்தில் சிறு சிலும்பு இருந்து நூலைப் பிடித்து இழுத்தது. நயமான உப்புத்தாளால் தேய்த்து, மெழுகு தடவித் துடைத்த பிறகு வேறு ஊசி மாதிரி ஆகிவிட்டது. துண்டுகளை அருகருகே வைத்தபோது மூங்கிலில் போட்டதுதான் வரிசைக்கு வரிசை ஒரே சீர். அலுமினியத் துண்டு ஏறக்குறைய ஒரு செ.மீ. அகலம் கூடி, ஓரம் லேசாக அலைபாய்ந்தது. ஊசி ஓடியபோது என் கையும் கூடவே ஓடியிருக்கிறது.

மூன்றாவது, இரண்டு குட்டை ஊசிகளை வளையும் குழாயால் இணைத்தது. 30 கண்ணிக்கு இது வீண்; குழாய்தான் குறுக்கே வந்து தொல்லை செய்யும். சுருட்டி வைத்திருந்த வடிவத்தையே பிடித்துக்கொண்டு அடம் பிடித்தது. வெந்நீரில் சிறிது நேரம் போட்டு நீட்டியதும் வழிக்கு வந்தது. ஊசியும் குழாயும் சேரும் இடத்தில் கண்ணிகள் முட்டி நிற்பதற்கு மட்டும் மருந்தில்லை, ஒவ்வொரு வரிசையிலும் விரலால் ஏற்றிவிட வேண்டும். ஆனால் போர்வை அகலத்துக்கு நீளக் கம்பியால் என்ன செய்வது? துணியின் கனம் முழுவதும் மணிக்கட்டில் தொங்கும், கம்பியின் மறுமுனை பக்கத்தில் இருப்பவரைக் குத்தும். குழாய் ஊசியில் கனம் மடியில் கிடக்கும்.

எந்த ஊசியானாலும் இரண்டு விஷயம். திருப்பிய பிறகு கொக்கியின் அருகே காத்திருக்க வேண்டியது மற்ற நிற நூல். கடைசியாக ஏற்றிய அதே நூல் அங்கே இருந்தால் கண்ணிகளைத் தள்ள மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அடுத்தது, ஒரு முறை வலமாகத் திருப்பினால் மறுமுறை இடமாகத் திருப்புங்கள். ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே போய், பத்தாவது வரிசையில் இரண்டு நூல் உருண்டையும் கயிறு திரித்தது போல முறுக்கிக்கொண்டு, அதைப் பிரிக்க ஒரு மாலை போயிற்று.

கழுத்துத் துண்டை மூங்கிலில் முடித்துவிட்டேன். இப்போது குழாய் ஊசியில் 120 கண்ணியோடு ஒரு போர்வை: ஒரு பக்கத்துக்குச் சாம்பல் மட்டும், மறுபக்கத்துக்கு மஞ்சளும் பச்சையும் வரிசை மாற்றி. சாம்பல் பக்கம் பெரும்பாலும் ஒரே நிறமாகவும், திருப்பினால் கோடு கோடாகவும் வருகிறது. மூன்று உருண்டைகளில் இரண்டு ஒரே ஓரத்தில் காத்திருப்பதால் முறுக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.