முடி நடவு: அண்ணன் செய்த எஃப்யூடி, நான் செய்த எஃப்யூஇ, நண்பன் செய்த டிஹெச்ஐ

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். வயது 37, ஊர் மதுரை. 26 வயதில் நெற்றி இரண்டு பக்கமும் ஏற ஆரம்பித்தது, 33-க்குள் உச்சிச் சுழியிலும் தோல் தெரிந்தது. ஆண்களின் வழுக்கையை டாக்டர்கள் ஏழு படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஹாமில்டன் 1951-ல் வகுத்து, நார்வுட் 1975-ல் திருத்திய அளவு அது. அதில் நான் நான்காவது படி. போன வருடம் மார்ச்சில் 2,600 கிராஃப்ட், அதாவது சிறு முடிக்கொத்து, ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்கும் எஃப்யூஇ முறையில் நட்டுக்கொண்டேன், பதினாலு மாதம் ஆகிறது. எனக்கு முன்னால் பெரியப்பா மகன், அண்ணன், 2012-ல் தோலைப் பட்டையாக அறுத்து எடுக்கும் எஃப்யூடி செய்திருந்தார். கூட வேலை பார்க்கும் நண்பன் 2022-ல் பேனா போன்ற கருவியால் நடும் டிஹெச்ஐ என்று சொல்லி, பல கிளைகள் உள்ள ஒரு பெரிய நிறுவனத்தில் செய்துகொண்டான். மூன்று தலையையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். எந்த இடத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள்.

எந்த முறையாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கையில் டிஹெச்டி என்ற ஹார்மோன் முன்நெற்றி, உச்சி முடியின் வேரைச் சுருக்கிக்கொண்டே போகிறது. பிடரிக்கு மேலே, இரண்டு காதுக்கும் நடுவில் பட்டையாக இருக்கிற முடியை அது அவ்வளவாகத் தொடாது. அந்த முடியைப் பிடுங்கி முன்னால் நட்டாலும் பின்மண்டையின் குணத்தோடுதான் வளரும் என்பதை நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் 1950-களில் செய்து காட்டினார். அப்போது 4 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலை வட்டமாக வெட்டி நடுவார்கள், ஒவ்வொரு குத்திலும் பத்துப் பதினைந்து முடி இருக்கும், பார்த்தால் நாற்றுமுடியை அப்படியே வயலில் நட்டது போலத் தெரியும். பிறகு முடி இயற்கையாகவே ஒன்று, இரண்டு, மூன்று, சில இடத்தில் நாலு என்று சிறு கொத்தாக முளைக்கிறது என்று கவனித்து, அந்தக் கொத்தைக் கலைக்காமல் நடத் தொடங்கினார்கள். இன்று கிராஃப்ட் என்பது அந்த ஒரு கொத்து. விளம்பரத்தில் '5,000 முடி' என்று போட்டிருந்தால் அது சுமார் 2,500 கிராஃப்ட்தான், விலை கேட்கும்போது எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

சரி, எஃப்யூடி. பின்மண்டையில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு உட்பட்ட அகலத்தில் ஒரு நீளத் தோல் பட்டையை அறுத்து எடுத்து, அந்த இடத்தைத் தைத்துவிடுவார்கள். எடுத்த பட்டையை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து கொத்துக் கொத்தாகப் பிரிப்பார்கள். கண்ணால் வேரைப் பார்த்துக்கொண்டே பிரிப்பதால் வேர் அறுபடுவது குறைவு, சுற்றியுள்ள திசுவும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும், கிராஃப்ட் திடமாக இருக்கும். இப்போது எஃப்யூடி என்றாலே 'பழைய முறை' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. அண்ணனுக்கு 2,400 கிராஃப்ட். இத்தனை வருடம் கழித்தும் அவர் முன்நெற்றி என்னுடையதைவிட அடர்த்தியாக இருக்கிறது, பொறாமையாகவே இருக்கும். ஒரே நாளில் நிறைய எடுக்கலாம், தலை முழுக்க மழிக்க வேண்டாம், நீளமுடி வைத்திருப்பவர்களுக்குத் தழும்பு தெரியவே தெரியாது. முடி நடவு தேவைப்படும் பெண்களுக்குப் பல டாக்டர்கள் இதையே சொல்வதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் தழும்பு தழும்புதான். காதிலிருந்து காது வரைக்கும் ஒரு கோடு. நல்ல கை தைத்தால் நூல் மாதிரி மெலிதாக இருக்கும், தோல் இழுபட்டால் அகலமாகிவிடும், அது பாதி அவரவர் தோலின் குணம். 2019-ல் பெரியப்பா தவறினார். கொள்ளி வைக்க அண்ணன் மொட்டை அடிக்க உட்கார்ந்தார். பின்னால் கத்தி போனதும் நாவிதர் நிறுத்திவிட்டு, 'என்ன தம்பி இது, எப்பப் பட்ட அடி?' என்று கேட்டார். சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். ஆபரேஷன் செய்தது வீட்டில் அண்ணியைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்பாவை இழந்த நாளில் அவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அந்தக் காட்சி மனதைவிட்டுப் போகவே இல்லை. நம் ஊரில் பழனிக்கும் திருப்பதிக்கும் நேர்ந்துகொண்டு மொட்டை போடுகிறோம், பெற்றவர்கள் போனால் மொட்டை போடுகிறோம், அப்படியிருக்க எந்த கவுன்சிலிங்கிலும் 'நீங்கள் மொட்டை அடிப்பீர்களா' என்று யாரும் கேட்பதில்லை. நட்ட முடியை மழித்தால் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், வேர் பிடித்த பிறகு மற்ற முடி போலத் திரும்ப வளரும். தெரியப்போவது தழும்புதான்.

நான் எஃப்யூஇ பக்கம் சாய்ந்தது இதனால்தான். இதில் பட்டை அறுப்பதில்லை, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள பஞ்ச் என்ற வட்டக் கத்தி வைத்து ஒவ்வொரு கொத்தாகத் துளைத்து எடுப்பார்கள். தையல் இல்லை. எடுத்த இடத்தில் சிறு வெள்ளைப் புள்ளிகள் மிஞ்சும். 'தழும்பே இல்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கோடாக இருப்பது புள்ளியாகச் சிதறுகிறது, அவ்வளவுதான். பஞ்ச் இறங்கும்போது வேர் எந்தக் கோணத்தில் போகிறது என்று வெளியிலிருந்து தெரியாது, அனுபவமில்லாத கை என்றால் வேரை நடுவில் அறுத்துவிடும். அறுபட்ட கொத்து பின்னாலும் போச்சு, முன்னாலும் போச்சு.

அன்றைய நாள் எப்படி இருந்தது என்று பலர் கேட்கிறார்கள். காலை எட்டு மணிக்குப் போனேன். தலையை மழித்துவிட்டு டாக்டர் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து நெற்றிக் கோட்டை அவரே வரைந்தார். நான் இன்னும் ஒரு விரல் கீழே இறக்கச் சொன்னேன், அவர் மறுத்துவிட்டார். 'உங்களுக்கு ஐம்பது வயது ஆகும்போதும் இந்தக் கோடு பொருந்த வேண்டும், அதற்கு மேல் உச்சி காலியானால் அங்கே நட முடி மிச்சம் வேண்டும்' என்றார். அப்போது வருத்தமாக இருந்தது, இப்போது அந்த மனிதருக்கு நன்றி சொல்கிறேன். அப்புறம் மரத்துப்போகிற ஊசி. அந்தப் பத்து நிமிடம் நன்றாகவே வலிக்கும், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 'வலியே இல்லை' என்பது ஊசி போட்டு முடித்த பிறகுதான் உண்மை. மூன்று மணி நேரம் குப்புறப் படுக்க வைத்து எடுத்தார்கள், நடுவில் தயிர்சாதம் கொடுத்தார்கள், மதியத்துக்கு மேல் மல்லாக்கப் படுக்க வைத்து நட்டார்கள். எடுத்ததும் டாக்டர், நடுவதற்கான கீறல்களைப் போட்டதும் டாக்டர். கீறலில் கொத்தைச் சொருகியது மட்டும் அவர் பக்கத்திலேயே இருக்க, இரண்டு நர்ஸ்கள். மாலை ஆறு மணிக்கு வெளியே வந்தேன்.

முதல் வாரம் கஷ்டம்தான். சாய்ந்தபடிதான் தூங்க வேண்டும், மணிக்கு ஒருமுறை சலைன் தெளிக்க வேண்டும். மூன்றாம் நாள் நெற்றியில் இருந்த வீக்கம் கண்ணுக்கு இறங்கி இரண்டு கண்ணும் மூடிக்கொண்டது. இது வழக்கமாக வருவதுதான், ஆனால் முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை, கிளினிக்குக்குப் போன் செய்தால் எடுக்க ஆளில்லை, ஒரு பகல் முழுக்க வீட்டில் எல்லாரும் பயந்துபோனோம். அந்த இடத்தின் மேல் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். பத்தாம் நாளுக்குள் பொருக்கு உதிர்ந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து நட்ட முடியெல்லாம் கொத்துக் கொத்தாக விழுந்தது, தலையணை முழுக்க முடி. வேர் உள்ளே உறங்குகிறது, தண்டு மட்டும் விழுகிறது, பயப்பட வேண்டாம். நாலாம் மாதம் பூனைமுடி போல முளைத்தது, எட்டாம் மாதம் சீப்பு போட முடிந்தது, பன்னிரண்டாம் மாதம் முன்பக்கம் முழுமையாக வந்துவிட்டது. உச்சிச் சுழி மட்டும் மெதுவாக வந்தது, இன்னும் வெயிலில் நின்றால் லேசாகத் தோல் தெரிகிறது. முன்பக்கத்துக்கு முழுத் திருப்தி, உச்சிக்கு அரைத் திருப்தி.

செலவு: கிராஃப்டுக்கு 45 ரூபாய், 2,600-க்கு 1,17,000. அழகுக்கான சிகிச்சை என்பதால் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது 21,060. மொத்தம் 1,38,060 ரூபாய். மருத்துவக் காப்பீட்டில் ஒரு பைசா வராது.

இப்போது டிஹெச்ஐ. இதைப்பற்றித்தான் அதிகம் குழப்புகிறார்கள். டிஹெச்ஐயில் முடியை எடுப்பது எஃப்யூஇ போலவேதான், அதே பஞ்ச். வித்தியாசம் நடுகிற கருவியில். பேனா போன்ற ஒரு கருவியின் ஊசி முனைக்குள் கொத்தை ஏற்றி, குத்தும்போதே உள்ளே தள்ளிவிடுவார்கள். சோய் பேனா என்று சொல்வார்கள், தென் கொரியாவில் தேகு நகரத்து டாக்டர்கள் கொண்டுவந்தது, 1992 வாக்கிலேயே வெளியுலகத்துக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலான கருவியை நேற்று வந்த தொழில்நுட்பம் போல விற்கிறார்கள். இருக்கிற முடிக்கு நடுவில் இடைநடவு செய்யும்போதும், கோணத்தைத் துல்லியமாக வைக்கவும் நல்ல கருவி, அதில் எனக்கு மறுப்பில்லை. 'சஃபையர் எஃப்யூஇ' என்பதும் இப்படித்தான், கீறல் போடுகிற கத்தியின் முனை நீலக்கல்லால் ஆனது, எடுக்கிற முறை மாறவில்லை. இந்தப் பெயர்களுக்காக இரண்டு மடங்கு பணம் கொடுக்காதீர்கள்.

நண்பன் கொடுத்தான். அவனுக்கு அப்போது 25 வயது. அந்த வயதில் வழுக்கை எதுவரை போகும் என்று யாருக்கும் தெரியாது. டாக்டரைப் பத்து நிமிடம் பார்த்தான், மற்றதெல்லாம் டெக்னீஷியன்கள். அவன் கேட்டபடியே பள்ளிக்கூடத்துப் பையன் போல நெற்றிக் கோட்டைக் கீழே வரைந்து, 3,500 கிராஃப்ட் என்று சொல்லிப் பின்மண்டையில் ஒரே இடத்தில் நெருக்கமாக எடுத்துவிட்டார்கள். பின்பக்கம் இப்போது பூச்சி அரித்த துணி போல இருக்கிறது, முடியைக் குட்டையாக வெட்ட முடிவதில்லை. முன்னால் நட்டது நிற்கிறது. அதற்குப் பின்னால் இருந்த சொந்த முடி உதிர்ந்துகொண்டே போகிறது, நடுவில் வெற்றிடம். இன்னொரு தடவை நட முடி வேண்டுமே? பின்மண்டை முடி ஊற்றில்லாத கிணறு. இறைத்தது இறைத்ததுதான். ஒருவருக்கு ஆயுளுக்கும் சேர்த்து எடுக்கக்கூடியது பொதுவாக ஆறாயிரம் கிராஃப்டைச் சுற்றித்தான் இருக்கும், பலருக்கு அதற்கும் குறைவு. என் கோபமெல்லாம் இதில்தான். அவனை எந்தக் கருவியும் கெடுக்கவில்லை, 25 வயதுப் பையனிடம் 'இன்னும் சில வருடம் மாத்திரையோடு பொறுத்துப் பார்' என்று சொல்ல ஆளில்லாமல் போனதுதான் கெடுத்தது.

அதனால் யார் கேட்டாலும் நான் முறையைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஆளைப் பற்றிக் கேட்கச் சொல்கிறேன். கோடு வரைவது யார், எடுப்பது யார், கீறுவது யார், அவர் படித்தது என்ன. தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது, முறையான அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற்ற டாக்டர்தான் முடி நடவு செய்ய வேண்டும், யூடியூப் பார்த்தோ பயிலரங்கில் உட்கார்ந்தோ கற்றது போதாது என்று. 2016-ல் சென்னையில் முடி நடவுக்குப் போன ஒரு மருத்துவ மாணவர் இறந்தே போனார். மயக்க மருந்தும் ரத்தமும் சம்பந்தப்பட்ட வேலை இது. அவசரம் என்றால் கையாள அந்த அறையில் என்ன இருக்கிறது என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பில்லில் கிராஃப்ட் எண்ணிக்கையும், ஒற்றை, இரட்டை, மூன்று முடிக் கொத்து எத்தனை என்பதும் எழுதித் தரச் சொல்லுங்கள். எனக்குத் தந்தார்கள், நண்பனுக்குத் தரவில்லை.

என்னிடம் முடிவாகக் கேட்டால்: முடியைக் குட்டையாக வெட்டுகிறவர், மொட்டை போட வாய்ப்புள்ளவர், தேவை மூவாயிரத்துக்குள் இருப்பவர் என்றால் எஃப்யூஇ. ஐந்து, ஆறாம் படி வழுக்கை, நிறைய கிராஃப்ட் வேண்டும், முடியை எப்போதும் கொஞ்சம் நீளமாகவே வைத்திருப்பேன் என்பவர் எஃப்யூடியைத் தாராளமாக யோசிக்கலாம், சில வருடம் கழித்து அதன் மேல் எஃப்யூஇ செய்து இன்னும் கொஞ்சம் எடுக்கவும் வழியிருக்கிறது. டிஹெச்ஐ பேனாவை டாக்டர் அவர் வசதிக்குத் தேர்ந்தெடுக்கட்டும், அதற்குத் தனி விலை வேண்டாம். புழுவெட்டு இருப்பவர்கள் தோல் டாக்டரை முதலில் பாருங்கள், அது வேறு நோய், நட்டாலும் அந்த இடத்தில் மறுபடி உதிரலாம்.

இன்னொன்று, நட்டுவிட்டால் மருந்து வேண்டாம் என்று நினைக்காதீர்கள். நட்ட முடி நிற்கும், பக்கத்து முடி நிற்காது. நான் முடி உதிர்வுக்கான மினாக்சிடில் மருந்து போடுகிறேன், டாக்டர் சொல்லி ஃபினாஸ்டரைடு மாத்திரை 1 மி.கி. தினம் ஒன்று. ஃபினாஸ்டரைடால் சிலருக்குத் தாம்பத்தியத்தில் ஆர்வக் குறைவு வரலாம், மனச்சோர்வு வந்ததாகச் சொல்பவர்களும் உண்டு, அதனால் கடையில் நீங்களே வாங்கிப் போடாமல் டாக்டரிடம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது. என் மனைவி கர்ப்பமாக இருந்தபோது பெட்டியைத் தனி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மகனுக்கு முதல் மொட்டை வருகிற தைப்பூசத்துக்குப் பழனியில். அவனோடு நானும் போடுகிறேன், டாக்டரும் தாராளமாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே பின்மண்டையைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறேன், புள்ளி எவ்வளவு தெரிகிறது என்று நீங்களே பாருங்கள்.