அத்தையின் படர்தாமரையும் ஊர் மெடிக்கல்ஸும்

ஊர் போய் வந்தவர்கள் எழுதும் குறிப்புகளில் பட்டா மாறுதல், ஆதார் திருத்தம், பேங்க் கணக்குக்கு உயிர் கொடுத்தது என்று அலைச்சல் கதைகள் நிறைய இருக்கும். அதிலெல்லாம் எனக்கு இந்த முறை பெரிய தொல்லை இல்லை. நான் எழுத வந்தது மருந்துக்கடை பற்றி. அதிலும் படர்தாமரைக்கு நம் பக்கத்தில் மருந்து வாங்குவது பற்றி.

மருந்து கிடைப்பதில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு குறையும் சொல்ல முடியாது. தெருவுக்கு ஒரு மெடிக்கல்ஸ் இருக்கிறது. ராத்திரி சாப்பிட்ட பிறகு நடந்து போனாலும் ஷட்டர் திறந்தே இருக்கும். இங்கிலாந்தில் ஜி.பி. என்கிற குடும்ப டாக்டரைப் பார்க்கக் காலை எட்டு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு வரிசை எண் கேட்டுக் காத்திருக்கிற நமக்கு இது சொர்க்கம்தான். ஆனால் மருந்தைக் கையில் கொடுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றனவே, அவற்றைத்தான் யாரும் கேட்பதில்லை.

அத்தைக்கு இடுப்பில், பாவாடை நாடா கட்டும் இடத்தில் படை. வேர்வை தங்கும் இடம், சர்க்கரை வேறு. ஓரம் சிவந்து, நடுவில் கறுத்து, வட்டத்துக்குள் வட்டமாக முதுகுவரை ஏறியிருந்தது. முதலில் சீமை அகத்தி இலையை அரைத்துப் போட்டிருக்கிறார். அப்புறம் யாரோ சொல்லி ஒரு டியூப். அதைத் தேய்த்தால் ரெண்டே நாளில் அரிப்பு அடங்கிவிடுமாம். நிறுத்தினால் முன்னைவிட அகலமாக வந்து நிற்குமாம். மறுபடி டியூப். இப்படியே மாசக்கணக்கில் ஓடியிருக்கிறது. அதே டியூபை அத்தை மகன் தொடை இடுக்குக்குத் தேய்க்கிறான், மதினி கழுத்துக்குத் தேய்க்கிறாள். வீட்டுக்கே ஒரு டியூப், குளியலறை ஜன்னலில் சோப்புப் பெட்டி பக்கத்தில் இருக்கிறது.

தீர்ந்துபோன டியூபுக்குப் பதிலாக ஒன்று வாங்கிவரச் சொன்னார்கள் என்று கடைக்குப் போனேன்.

"அரிப்புக்குத்தான? இந்தாங்கக்கா" என்று எடுத்து வைத்தார் அண்ணாச்சி. "கூட நாலு மாத்திரை தாரேன். வாரத்துக்கு ஒண்ணு போடச் சொல்லுங்க. சட்டுனு கேக்கும்."

"டாக்டர் சீட்டு வேண்டாமா அண்ணாச்சி?"

"இதுக்கெல்லாம் சீட்டு எதுக்குக்கா? ஊரே இதைத்தான் வாங்கிட்டுப் போகுது."

மாத்திரைப் பட்டையில் நாலை மட்டும் கத்தரியால் நறுக்கிக் கொடுத்தார். மருந்தின் பெயரில் பாதி என் துண்டில் இருந்தது, காலாவதித் தேதி அவரிடமே நின்றுவிட்டது. உள்ளே வைக்கும் விளக்கத் தாள் என்ற பேச்சே இல்லை. முழுப் பட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம். இடது ஓரத்தில் சிவப்புக் கோடு. பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்பதற்கான கோடு அது. அண்ணாச்சி கெட்ட மனிதர் இல்லை. கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதை இவர் ஐந்து நிமிஷத்தில் முடித்துக் கொடுக்கிறார். அதற்காகத்தான் ஊரே இவரிடம் வருகிறது.

டியூபில் என்ன இருக்கிறது என்று படிக்க என் கண்ணுக்கு முடியவில்லை. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். டெர்பினாஃபின் இருந்தது, அது பூஞ்சைக்கான மருந்து, சரி. ஆஃப்ளாக்சசின் பாக்டீரியாவுக்கு, ஆர்னிடசோல் வேறு வகைக் கிருமிக்கு. படர்தாமரைக்கு இவை ரெண்டும் எதற்கு என்று கேட்கத் தோன்றியது. நாலாவதாகக் க்ளோபெட்டசால். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே ஆக வீரியமான வகையைச் சேர்ந்தது. ரெண்டு நாளில் அரிப்பு அடங்கியதன் ரகசியம் அதுதான். பூஞ்சையை எதிர்த்துத் தோல் காட்டும் சிவப்பையும் அரிப்பையும் ஸ்டீராய்டு அமுக்கிவிடுகிறது. எதிர்ப்பு அடங்கியதும் பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது. ஓரம் கலைந்து, படையா வேறு ஏதாவதா என்று டாக்டருக்கே குழப்பம் வரும் அளவுக்கு உருவம் மாறிவிடுகிறது. தொடை இடுக்கு, அக்குள் போன்ற மடிப்புகளில் நாள்பட இதைத் தேய்த்தால் தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் விழுவதுபோல வரிவரியாகத் தழும்பு விழும். படை போனாலும் அந்த வரி போகாது. அத்தை மகனுக்கு விழுந்திருக்கிறது. இருபத்தி நாலு வயசுப் பையன், வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 14 பூச்சு ஸ்டீராய்டுகளை 2018 மார்ச்சில் மத்திய அரசு ஷெட்யூல் எச், அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலுக்குள் முழுசாகக் கொண்டுவந்தது. அதற்குமுன் பூச்சு மருந்துகளுக்கு இருந்த விலக்கு அப்போது போனது. காரணமில்லாமல் கலந்து விற்ற மருந்துக் கலவைகளை 2016-ல் 344, 2018-ல் 328 என்று தடையும் செய்தார்கள். இப்படிப்பட்ட களிம்புக் கலவைகள் சிலவும் அதில் அடக்கம். இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்கென்றே ஒரு தனிக்குழு வைத்துக் கத்திக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தம் எங்கள் தெருமுனை வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

டியூபையும் மாத்திரையையும் வேண்டாம் என்று வைத்துவிட்டு, மறுநாள் அத்தையை அரசு மருத்துவமனை தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். தனியார் டாக்டரிடம் அடுத்த வாரம்தான் டோக்கன் கிடைக்கும் என்றார்கள். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட வரிசை, தோல் பிரிவு வாசலில் வரிசை, உட்கார பெஞ்சில் இடம் இல்லை. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். தண்ணீர் பாட்டிலும் முறுக்கும் கொண்டுபோங்கள், அத்தையைப் போன்ற வயசானவர்களுக்கு ஒரு மடக்கு நாற்காலியும். எதிர்பார்க்காதது உள்ளே நடந்தது.

டாக்டர் சின்னப் பெண். படையைப் பார்த்ததும் மருந்து எழுதவில்லை. படையின் ஓரத்தை ஒரு பிளேடின் முனையால் மெல்லச் சுரண்டி, உதிர்ந்த செதிலைக் கண்ணாடித் தகட்டில் தட்டி, மேலே ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டார். அது தோல் செல்களைக் கரைத்துவிட்டுப் பூஞ்சை இழைகளை மட்டும் விட்டுவைக்குமாம். கொஞ்ச நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, என்னையும் பார்க்கச் சொன்னார். கிளை கிளையாகப் பிரியும் மெல்லிய நூல்கள். காசு ஒன்றும் கிடையாது.

அதற்கப்புறம்தான் கேள்வி ஆரம்பித்தது. "வேற என்னென்ன மாத்திரை போடுறீங்கம்மா?"

"சுகர் மாத்திரை மட்டுந்தான் தாயி" என்றார் அத்தை.

நான் அத்தையின் மஞ்சப்பையை அப்படியே மேஜையில் கவிழ்த்தேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின், காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை பான்டோபிரசோல். கேஸ் மாத்திரையை நம் ஊரில் யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். முன்பு கடையில் கொடுத்த வாரம் ஒன்று மாத்திரை பற்றிச் சொன்னதும் நிமிர்ந்தார். அதைப் போட்ட நாட்களில் மயக்கம், படபடப்பு, வேர்வை வந்ததா என்று கேட்டார். வந்ததாம். அத்தை வெயில் என்று நினைத்திருக்கிறார்.

ஃப்ளூகோனசோல் தன்னளவில் நல்ல மருந்துதான். ஆனால் கிளிமிபிரைடு, கிளிபிசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளை உடம்பு கழிக்கும் வேகத்தை அது குறைத்துவிடும். மாத்திரை ரத்தத்தில் அதிகம் தங்கி, சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மெட்ஃபார்மினுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு வேறு ஆபத்து, ரத்தக்கசிவு வரலாம். "உங்களுக்கு வந்தது அதனாலதான்னு இப்போ சொல்ல முடியாதும்மா. ஆனா கேக்காம இனிமே சேத்துப் போடாதீங்க" என்றார் டாக்டர். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழ்நாடு அரசுத் திட்டம் 2021-ல் வந்ததிலிருந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் பல வீடுகளுக்கு வாசலுக்கே வந்துவிடுகின்றன. நல்ல காரியம். ஆனால் வாசலில் வாங்கும் மாத்திரையும் தெருமுனையில் வாங்கும் மாத்திரையும் சேருவது நோயாளியின் வயிற்றுக்குள்தான். ரெண்டையும் ஒரே கண்ணால் பார்க்க யாராவது வேண்டும்.

அத்தைக்கு எழுதிக் கொடுத்தது இட்ராகோனசோல் காப்ஸ்யூல். இதய பலவீனம் உள்ளவர்களுக்கு இது ஆகாது என்பதால், கால் வீங்குமா, படுத்தால் மூச்சு முட்டுமா என்று கேட்டு, காலை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை அங்கேயே எடுத்தார்கள். இந்த மருந்து உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். அதனால் நிறையச் சாப்பிட்ட கையோடு போட வேண்டும், கேஸ் மாத்திரை கூடாது. இது தெரியாமல் தினமும் ரெண்டையும் சேர்த்துப் போட்டு, "மருந்து கேக்கலை" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேரோ. கொழுப்பு மாத்திரையோடும் இதற்கு ஒத்துவராது, தசையைப் பாதிக்கும். சிம்வாஸ்டாடின் என்றால் அறவே கூடாது, அட்டோர்வாஸ்டாடின் என்றால் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். அதை எழுதிய டாக்டரிடம் கேட்டு, படை மருந்து முடியும்வரை நிறுத்திவைத்தோம். இதெல்லாம் அத்தைக்கு எழுதியது. படித்துவிட்டு யாரும் தங்கள் மாமாவுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

பூச லூலிகோனசோல் க்ரீம், ஸ்டீராய்டு கலக்காதது. படையின் மேல் மட்டும் போடாமல், ஓரத்தைத் தாண்டி ரெண்டு விரல் அகலத்துக்கு நல்ல தோலிலும் போட வேண்டும். படை மறைந்த பிறகும் ரெண்டு வாரம் தொடர வேண்டும். பழைய டியூபை நிறுத்தியதும் சில நாள் அரிப்பும் சிவப்பும் கூடும், பயந்து திரும்ப எடுத்துவிடாதீர்கள் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னது பெரிய உதவி. மூன்றாம் நாள் ராத்திரி அத்தை தூக்கம் வராமல் அந்த டியூபைத் தேடினார். மதினி, "அந்தச் சவத்தைத்தான் குப்பையில போட்டாச்சே" என்று அதட்டிப் படுக்க வைத்தாள்.

வீட்டில் எல்லாரும் ஒரே சமயத்தில் பார்த்துக்கொள்ளாவிட்டால் இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுற்றும். அத்தை மகனும் மதினியும் அடுத்த நாள் போய்ச் சீட்டு வாங்கினார்கள். மதினியின் தங்கை மாசமாக இருக்கிறாள். அவளுக்கு வாய்வழி மருந்து எதுவும் இல்லை, பூச மட்டும் எழுதினார்கள். துண்டு, உள்ளாடை தனித்தனி, வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுவது. நம் ஊர் வெயிலுக்கு இதிலாவது ஒரு பிரயோஜனம்.

இட்ராகோனசோல் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை. மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் கேட்டு வாங்கினோம். வெளிக்கடை விலையில் பாதிகூட இல்லை. 2025 பிப்ரவரி 24-ல் தமிழ்நாடு அரசு 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்திருக்கிறது; பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் விசாரியுங்கள். எங்கே வாங்கினாலும் முழுப் பட்டையாக, பில்லோடு. தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் பில்லில் இருக்கும். வீட்டில் சந்தேகம் வந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்து தமிழிலேயே கேட்கலாம் என்று மதினிக்கு எண்ணைப் பதிந்து கொடுத்திருக்கிறேன்.

ஊரிலிருந்து படையோடு திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் இப்போது பரவலாக இருப்பது ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற வகை. 2020-ல்தான் அதற்குத் தனிப்பெயர் வைத்தார்கள். வழக்கமாகப் பல நாடுகளில் முதலில் கொடுக்கும் டெர்பினாஃபினுக்கு அது பல நேரம் மசிவதில்லை. 2023-ல் நியூயார்க்கில் ரெண்டு பெண்களிடம் கண்டுபிடித்து அமெரிக்காவில் அறிவித்தார்கள். அதில் ஒருவர் சமீபத்தில் வெளிநாட்டுக்கே போகாதவர். பிரிட்டனிலும் தென்படுகிறது. ஆகவே ஜி.பி.யிடம் போனால் "கொஞ்சம் அரிப்பு" என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். இந்தியா போய் வந்ததைச் சொல்லுங்கள். அங்கே ஸ்டீராய்டு கலந்த க்ரீம் போட்டிருந்தால் டியூபின் படத்தைக் காட்டுங்கள். தோலைச் சுரண்டி லேபுக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். டெர்பினாஃபின் எழுதி, சொன்ன காலம் முழுக்கப் போட்டும் குறையவில்லை என்றால் அதையே நீட்டிக்கொண்டிருக்காமல், தோல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.