அம்மப்பாவின் மெடல்களுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

மட்டக்களப்பு நகரில் பழைய படம் பிறேம் போட எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, திருமலை வீதியிலிருந்து திரும்பும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் சின்னக் கடையை. பெயர்ப்பலகை கிடையாது. கண்ணாடி வெட்டும் ஐயா என்று விசாரித்தால் காட்டுவார்கள்.

நான் கொண்டுபோனது அம்மப்பாவின் பட்டாளத்துப் படமும் இரண்டு மெடல்களும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர் திருகோணமலையில் இருந்தவர். 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பான் விமானங்கள் அங்கே குண்டு போட்டபோதும் அங்குதான். படம் அடுத்த வருடம் எடுத்தது: காக்கிச் சட்டை, கட்டைக் காற்சட்டை, சிரிப்பே இல்லாத முகம். 1978 நவம்பர் சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை பறந்து, மழைத் தண்ணீர் இறங்கி, படத்தின் கீழ்ப்பாதி கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. அப்போது றங்குப் பெட்டிக்குள் போனது பிறகு வெளியே வரவில்லை. பின்னால் வந்த யுத்த காலத்தில், சீருடை போட்ட ஒருவரின் படத்தைச் சுவரில் மாட்டி, வருகிறவனுக்கெல்லாம் யார் எவர் என்று விளக்கம் சொல்ல யாருக்குத் தெம்பு இருந்தது?

முதலில் வேறொரு ஸ்ரூடியோவில்தான் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் ‘தெளிவாக்கி’த் தந்தார்கள். மூக்கில் இருந்த அம்மைத் தழும்பு போய், கன்னம் மெழுகி, காக்கிச் சட்டை பச்சையாகி, தொப்பிச் சின்னம் ஒரு மஞ்சள் பொட்டாகிவிட்டது. அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, “இது ஆர்?” என்றார். காசு போனது போனதுதான்.

இந்த ஐயா படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “கண்ணாடியைக் கழட்டினா முகமும் அதோட வந்திரும் மகள்” என்றார். கண்ணாடியோடேயே ஸ்கேன் எடுத்தார். கன்னத்துக்குக் குறுக்கே ஓடிய வெடிப்பை மட்டும் திருத்தினார். தண்ணீர்க் கறை, தழும்பு எல்லாம் இருந்தபடியே. அசலைக் காகிதத்தில் சுற்றித் திருப்பித் தந்தார், பிறேமுக்குள் போனது பிரதி. நம் ஊர் வாவிக்காற்றுக்கு அதுதான் சரி. பிரதியும் கண்ணாடியில் படாமல் இருக்க, நடுவில் தடித்த மட்டை வைத்து இடைவெளி விட்டிருக்கிறார்.

மெடல்களை வீட்டில் புளி போட்டுத் தேய்க்க அம்மா தயாராக இருந்தார். ஐயா விடவில்லை. துணியால் துடைத்ததோடு சரி. ஒன்று டிஃபென்ஸ் மெடல்: நாடா நடுவில் ஆரஞ்சு, இரு பக்கமும் பச்சை, பச்சைக்குள் மெல்லிய கறுப்புக் கோடு. அந்தக் கறுப்பு, விமானக் குண்டுக்குப் பயந்து விளக்கணைத்து இருந்த இரவுகளுக்காக. மற்றது வோர் மெடல், சிவப்பு வெள்ளை நீலம். இரண்டு நாடாவும் நைந்திருந்தன. புது நாடா போடலாமே என்றேன். பிய்ந்த இடத்துக்குப் பின்னால் துணி கொடுத்து, அதே நாடாவை நிறுத்தினார்.

பிரித்தானியா அந்தப் போருக்குக் கொடுத்த இந்த மெடல்களில் பொதுவாகப் பெயர் பொறிப்பதில்லை. எங்களுடையதிலும் இல்லை. படத்தை விட்டுப் பிரிந்தால் அது யாருடைய மெடலும் ஆகலாம். அதனால்தான் எல்லாம் ஒரே பிறேமுக்குள் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அவரும் பெயர், இலக்கம், ஊர் மூன்றையும் டிஸ்சார்ஜ் கடதாசி பார்த்து எழுதி உள்ளே ஒட்டினார்.

கடைச் சுவரில் ஹேர்மிஸ் கப்பல் மூழ்கும் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. திருகோணமலையில் குண்டு விழுந்த அதே நாளில் நம் மட்டக்களப்புக் கடலில் தாண்டுபோன விமானந்தாங்கிக் கப்பல் அது. அதில் மட்டும் 307 பேர் செத்தார்கள். இப்போது அதைப் பார்க்கச் சுழியோடிகள் வருகிறார்கள். அந்தப் படத்தை யாரோ லொட்ஜ்காரர் பிறேமுக்குக் கொடுத்துவிட்டு எடுக்க வரவில்லையாம். அம்மப்பா அங்கே இருக்க, போர் அவருடைய ஊர் வாசலுக்கு வந்திருக்கிறது.

குறையும் உண்டு. சொன்ன திகதிக்குத் தரமாட்டார். “மறுகா வாங்க” என்பார், கோபித்தாலும் அதே பதில்தான். கார்ட் எடுப்பதில்லை, பில்லும் கேட்டால்தான். எனக்கு 8,500 ரூபாய் ஆனது, மலிவில்லை. பின்பக்கம் ஒரே ஒரு கொக்கிதான் அடித்திருந்தார். மெடல் பாரத்துக்கு அது காணாது, இரண்டு அடிக்கச் சொல்லுங்கள். கலியாண வீட்டுக்கு அவசரமாகப் படம் வேண்டுமென்றால் இங்கே போகாதீர்கள்.